குருதிக்குழாயைக் காப்பது எது: குளிசையா, கீரையா?

விற்றமின் ஈ, விற்றமின் சீ, பீற்றா கரோட்டின் போன்றவை அடங்கிய குளிசைகளை மருந்தகங்களில் மருத்துவரின் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அவற்றின் பெட்டிகளில் பெரும்பாலும் 'அன்ரிஒக்சிடன்ற்' என்ற சொல் இருக்கும். இதயத்துக்கு நல்லது என்று நம்பி, நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் உள்ளவர்கள்கூட இவற்றை எடுக்கிறார்கள். இந்த நம்பிக்கை வெறுமையில் பிறந்ததல்ல. ஆனால் மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தபோது கிடைத்த விடை வேறாக இருந்தது.

ஒற்றை அடுக்குக் காவலன்

நமது குருதிக்குழாய்களின் உட்புறம் முழுவதையும் ஒரே அடுக்காக அமைந்த மெல்லிய கலங்கள் மூடியிருக்கின்றன. இது அகவணி எனப்படும். குருதி கசியாமல் தடுக்கும் வெறும் உறை என்றே இது நெடுங்காலம் கருதப்பட்டது. 1980இல் அமெரிக்க ஆய்வாளர் றொபேட் ஃபேர்ச்கொட் முயலின் நாடித் துண்டுகளில் செய்த சோதனை இக்கருத்தை மாற்றியது. அகவணியைச் சுரண்டி எடுத்துவிட்டால், அசற்றைல்கோலின் கொடுத்தாலும் நாடி தளர்வதில்லை என்று அவர் காட்டினார்.

நாடியைத் தளர்த்துவதற்காக அகவணி வெளியிடும் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு என்பது பின்னர் உறுதியானது. இது குழாயை விரியச் செய்கிறது. குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கிறது. வெண்குழியங்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்கிறது. இவ்வாயு பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ஃபேர்ச்கொட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சேதம் எப்படி நேர்கிறது?

கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது சுப்பரொட்சைட்டு போன்ற, எதனுடனும் எளிதில் தாக்கமுறும் துணிக்கைகள் தோன்றுகின்றன. அவற்றை அடக்க உடலிடமே நொதியங்கள் உள்ளன. இத்துணிக்கைகள் உருவாகும் வேகம் அடக்கும் வேகத்தை மிஞ்சும் நிலையே ஒட்சியேற்ற அழுத்தம். புகைத்தல், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், மிகையான கொலஸ்திரோல் ஆகிய நான்கும் இந்நிலையை உருவாக்குகின்றன.

சுப்பரொட்சைட்டு நைத்திரிக் ஒட்சைட்டைக் கண்டவுடன் அதனுடன் சேர்ந்து அதைப் பயனற்றதாக்கிவிடும். குழாய் விரியும் ஆற்றல் குறைகிறது. அதேவேளை, சுவருக்குள் புகுந்த கெட்ட கொலஸ்திரோல் ஒட்சியேற்றமடைகிறது. வெண்குழியங்கள் அதை விழுங்கிக் கொழுப்பால் நிறைந்து அங்கேயே தங்குகின்றன. மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வழிவகுக்கும் கொழுப்புப் படிவு இப்படித்தான் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் தெரியாது.

குளிசைகள் ஏன் ஏமாற்றின?

ஒட்சியேற்றம்தான் பிரச்சினை என்றால் அதை எதிர்க்கும் விற்றமின்களைக் கூடுதலாகக் கொடுத்தால் போதுமே என்று ஆய்வாளர்களும் எண்ணினார்கள். 2000இல் வெளியான 'ஹோப்' ஆய்வில், இதயநோய் அபாயம் கூடிய 9,500க்கு மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு நாளாந்தம் விற்றமின் ஈ கொடுக்கப்பட்டது. சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனித்தும் மாரடைப்போ பாரிசவாதமோ குறையவில்லை. 2002இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 20,536 பேர் பங்கேற்றனர். மேலே சொன்ன மூன்று விற்றமின்களையும் ஐந்து ஆண்டுகள் சேர்த்துக் கொடுத்தும் பயன் கிட்டவில்லை.

இன்னும் கவலைக்குரியது பின்லாந்து ஆய்வு. புகைபிடிக்கும் 29,133 ஆண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. பீற்றா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. குளிசை வெறுமனே பயனற்றது மட்டுமல்ல, சிலருக்குத் தீங்கானதும்கூட.

சுப்பரொட்சைட்டு நைத்திரிக் ஒட்சைட்டுடன் சேரும் வேகம் மிகப் பெரிது. விற்றமின்கள் இடையில் புகுந்து அதைத் தடுப்பது கடினம். மேலும் இத்துணிக்கைகள் சிறு அளவில் கலங்களுக்குச் சைகைகளாகவும் பயன்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சேதத்தை உண்டாக்கும் காரணம் அப்படியே தொடர்கிறது. ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பது போன்றது இது.

எது உதவும்?

புகைத்தலை விடுவது முதலாவது. அருகில் இருப்பவர் விடும் புகையும் அகவணியைப் பாதிக்கும். இரண்டாவது நடை. குருதி வேகமாகப் பாயும்போது அகவணி கூடுதலாக நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்குகிறது. மூன்றாவது உணவு. கீரைகளிலுள்ள நைத்திரேற்றை, வாயில் வாழும் பற்றீரியாக்களின் உதவியோடு உடல் நைத்திரிக் ஒட்சைட்டாக மாற்றிக்கொள்கிறது. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை, கொய்யா, நெல்லி, பருப்பு என்று நமக்குப் பழகிய உணவில் விற்றமினுடன் நார்ச்சத்தும் பொட்டாசியமும் சேர்ந்தே வருகின்றன. ஒற்றைச் சத்தைப் பிரித்தெடுத்த குளிசை இதற்கு ஈடாகாது.

கிளினிக்கில் தரப்படும் குருதி அமுக்க, நீரிழிவு, கொலஸ்திரோல் மருந்துகளை நிறுத்திவிட்டு விற்றமின் குளிசைக்கு மாறுவது ஆபத்தானது. அம்மருந்துகள் சேதத்தின் காரணத்தையே கட்டுப்படுத்துகின்றன. வோபரின் போன்ற குருதி உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, அதிக அளவு விற்றமின் ஈ குருதிக்கசிவு அபாயத்தையும் கூட்டலாம். எனவே எந்தக் குளிசையை எடுப்பதானாலும் அதன் பெட்டியை அடுத்த கிளினிக் நாளில் கொண்டுசென்று மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.