குப்பைமேட்டு மின்சாரமும் விடுபட்ட கணக்கும்

தோழர்களே, குப்பையிலிருந்து மின்சாரம் என்று யாராவது சொன்னால், எந்த வழியில் என்று நாம் முதலில் கேட்க வேண்டும். குப்பையை உலையில் போட்டு எரிப்பது ஒரு வழி. கொட்டிக் கிடக்கும் குப்பை உள்ளுக்குள் அழுகி வெளியிடும் வாயுவைக் குழாயால் உறிஞ்சி இன்ஜின் ஓட்டுவது இன்னொரு வழி. இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் எடுத்துக்கொள்வது இரண்டாவதை.

காற்றுப் படாமல் அழுகும் குப்பையிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறையப் பாதி மீத்தேன். மணிக்கு 1,000 கன மீட்டர் வாயு தரும் ஒரு மேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 1.7 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 1.36 கோடி யூனிட். யூனிட் 5 ரூபாய்க்குப் போனால் 6.8 கோடி ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிணறு துளைப்பதும், குழாய் பதிப்பதும், மேட்டை மூடுவதும், இன்ஜினைப் பராமரிப்பதும் இந்தப் பணத்துக்குள்தான் நடக்க வேண்டும். நாம் தலையில் தேய்க்கும் ஷாம்பூவிலுள்ள சிலிக்கான் சேர்மங்கள்கூட வாயுவோடு வந்து, இன்ஜினுக்குள் மணலாகப் படிந்து அதை அரித்துவிடும். இதற்கிடையில் 2017இலேயே ராஜஸ்தானின் பத்லாவில் சூரிய மின்சாரம் யூனிட் 2.44 ரூபாய்க்கு ஏலம் போய்விட்டது.

அப்படியானால் இந்தத் திட்டங்களை யார் தாங்கினார்கள்? கார்பன் சந்தை. நாம் சொன்ன அதே மேட்டில் ஆண்டுக்குச் சுமார் 2,700 டன் மீத்தேன் எரியும். கரியமில வாயுவைவிட 21 மடங்கு என்ற அன்றைய கணக்கில் அது ஏறக்குறைய 57,000 டன் வரவு. 2008இல் டன் 20 யூரோ வரை விற்றபோது, மின்சாரத்தில் வந்த அளவு பணம் இதிலும் வந்திருக்கும். 2012 இறுதியில் விலை 1 யூரோவுக்கும் கீழே விழுந்தது. மும்பை கோராய் மேட்டை 2007இல் மூடி வாயுவைப் பிடித்தபோது, அதன் கார்பன் வரவை முன்கூட்டியே வாங்கியது ஆசிய வளர்ச்சி வங்கி. மின்சாரத்தை மட்டும் நம்பி அந்த மேட்டை மூடியிருக்க முடியாது.

நம் ஊர்க் குப்பையில் உணவுக் கழிவு அதிகம். அது வேகமாக அழுகும். வாயுவும் வேகமாகத் தீரும். கடன் தீரும்முன் வாயு தீர்ந்துவிடலாம். திறந்து கிடக்கும் மேட்டிலோ காற்று புகும், தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி எரிந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆகவே வாயு வேண்டுமென்றால் மேட்டை மூட வேண்டும், வேலி போட வேண்டும்.

வேலிக்கு வெளியே நிற்கப்போவது யார் என்று இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை. மேட்டில் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கிக் காயலான் கடையில் போட்டுப் பிழைப்பவர்கள் அவர்கள். பிடித்த மீத்தேனுக்கு டன் கணக்கில் விலை வைத்த சந்தை, அவர்கள் வெறுங்கையால் மீட்ட பிளாஸ்டிக்குக்கு ஒரு பைசாகூட எழுதவில்லை. புகையைச் சுவாசித்த நுரையீரல்களின் மருத்துவச் செலவு எந்தப் பத்தியிலும் ஏறாது.

வாயுவைப் பிடிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பிடிக்காமல் விட்டாலும் அதைச் சுவாசிப்பது அதே சேரிதான். ஆனால் மக்கும் குப்பை கிடங்குக்கே போகக் கூடாது என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. விதியை மதித்தால், இன்றைய மேட்டுக்குப் பிறகு இந்த வாயுவே இருக்காது. ஆகவே புதிய மேட்டை நம்பித் திட்டம் போடுபவரிடம், குப்பையைப் பிரிக்கும் எண்ணமே இல்லையா என்று கேட்போம். பழைய மேட்டை மூட வருபவரிடம், அதில் பொறுக்கியவர்களுக்கு எந்த வேலை, எவ்வளவு கூலி, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கேட்போம்.