விருந்தாய் வந்த வாத்தியக் குழு

அயல்நாட்டு வாத்தியக் குழு ஒன்று ஓர் ஊருக்கு வரும்போது வயலினும் குழலும் முரசும் மட்டுமே வருகின்றன என்று எண்ணிவிடலாகாது. குழுவின் பெயரோடு நாட்டின் பெயரும் ஒட்டிக்கொண்டு வருகின்றது. நாட்டின் புகழில் அதற்கும் பங்குண்டு; நாட்டின் பழியிலும் பங்கு கேட்கப்படும். இலண்டன் மாநகரிலே 1968ஆம் ஆண்டு ஒகஸ்ட் 21ஆந் திகதி மாலை நிகழ்ந்த கச்சேரியொன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இதனாலேயே. அதன் வானொலிப் பதிவு பின்னாளில் இசைத்தட்டாக வெளிவந்தமையால், அங்கு இருந்திராத என் போன்றோரும் அதனைக் கேட்கும் பேறு பெற்றோம்.

‘புரொம்ஸ்’ என வழங்கும் அக் கோடைகால இசைவிழா 1895இல் தொடங்கியது. ரொபேர்ட் நியூமன் என்பவர் எண்ணி முடித்ததை, ஹென்றி வூட் என்னும் இளம் இசை நடத்துநர் நடத்திக் காட்டினார். சிறு கட்டணம் செலுத்தி, நின்றுகொண்டே இசை கேட்கலாம் என்பது அதன் தனிச் சிறப்பு. மாணவரும் எழுதுவினைஞரும் வரிசையிற் காத்து நின்று உட்புகுவர்; மேடைக்கு மிக அண்மையில் நிற்பவர்களும் அவர்களே. விழாவின் முதல் இல்லமாகிய குயீன்ஸ் மண்டபம் 1941இல் ஜேர்மானியக் குண்டுக்கு இரையானபின், அது றோயல் அல்பேட் மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது. எழுபது ஆண்டுகள்வரை பிரித்தானியக் குழுக்களே அங்கு வாசித்தன. 1966இல் மொஸ்கோ வானொலி வாத்தியக் குழு வந்ததே முதல் அயல்வரவு. பனிப்போர்க் காலத்திலே முதல் விருந்தாளி மொஸ்கோவிலிருந்து வந்தமை கவனிக்கத்தக்கது.

ஈராண்டு கழித்து சோவியத் அரச சிம்பொனிக் குழு வந்தது. நடத்துநர் ஸ்வெட்லானொவ், செல்லோ வாசிப்பவர், உலகறிந்த ரொஸ்ட்ரொபோவிச். நிகழ்ச்சி நிரலில் ஷொஸ்டகோவிச்சின் பத்தாம் சிம்பொனி இருந்தது. அதனுடன், செக் நாட்டு மேதை டுவொர்ஷாக் இயற்றிய செல்லோ கொன்சேர்ட்டோவும் முன்கூட்டியே இடம்பெற்றிருந்தது. அந்த நாளுக்கு முந்திய இரவில்தான் சோவியத் படைகளும் அதன் நேசநாட்டுப் படைகளும் செக்கோஸ்லோவாக்கியாவினுள் நுழைந்தன. காலையிலே பிராக் வீதிகளில் டாங்கிகள். மாலையிலே இலண்டன் மேடையில் அதே அரசின் கலைஞர்கள், டாங்கிகளின் கீழ்க் கிடந்த நாட்டின் இசையைக் கையிலேந்தி. ஒரு நாடகாசிரியன் இப்படி எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறான் என்று நாம் கடிந்திருப்போம்.

மண்டபத்தின் வெளியே ஆர்ப்பாட்டம். உள்ளேயும் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. இந்த இடத்திலே அந்த இசையின் அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். நமது கச்சேரியிலே பாடகர் தொடங்கப் பக்கவாத்தியங்கள் பின்தொடரும். இங்கு முறை வேறு. தாழ்ந்த சுரத்திலே கிளாரினெற் தொடங்கும். வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து பெருகும். கொம்பு வாத்தியம் தனித்து ஓர் இனிய இசையைச் சொல்லி ஓயும். மூன்று நிமிடத்துக்கு மேல் இவ்வாறு கழிந்த பின்னரே செல்லோவின் முறை வரும். அதுவரை அம் மனிதர் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், கருவியை அணைத்தபடி சும்மா அமர்ந்திருக்க வேண்டும். பதிவைக் கேட்கும்போது எனக்கு மிகக் கடினமாய்த் தோன்றுவது அந்த மூன்று நிமிடமே.

அவருக்கோ பிராக் அயலூரன்று. அங்கே 1950இல் ஹனுஷ் விஹான் பெயரால் நடந்த போட்டியில் முதற் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்; டுவொர்ஷாக் இந்தக் கொன்சேர்ட்டோவைக் காணிக்கையாக்கியது அந்த விஹானுக்கே. பாடகி விஷ்னெவ்ஸ்கயாவின் உள்ளத்தை அவர் வென்றதும் 1955இல் அதே நகரத்திலேதான்.

கொன்சேர்ட்டோவுக்கும் ஒரு கதை உண்டு. தாய்நாட்டைப் பிரிந்து நியூயோர்க்கில் இருந்தபோது 1894-95இல் டுவொர்ஷாக் இதனை எழுதினார். இளமையில் அவர் காதலித்து, பின்னர் மைத்துனியாகிவிட்ட ஜொசெஃபினா நோயுற்ற செய்தி வந்தது. அவளுக்குப் பிடித்த தமது பாட்டொன்றின் மெட்டை நடுப்பகுதியில் வைத்தார். ஊர் திரும்பியபின் அவள் இறந்துவிட்டாள். அவர் முடிவுப் பகுதியை மாற்றி, அதே மெட்டை மீண்டும் கொணர்ந்தார். வெற்றி முழக்கத்தோடு முடியவேண்டிய இடத்திலே இசை திடீரெனத் தணிந்து, போகமனமின்றி நிற்கும். இத்தகைய இசை முதன்முதல் அரங்கேறியது 1896 மார்ச்சில், இலண்டன் குயீன்ஸ் மண்டபத்திலே, டுவொர்ஷாக்கே நடத்த. எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின் அது அதே நகரத்துக்கு இவ்விதம் திரும்பி வந்தது.

ரொஸ்ட்ரொபோவிச் கண்ணீர் வழிய வாசித்தார். முடிந்ததும் டுவொர்ஷாக்கின் இசைக்குறிப்பு நூலை எல்லோரும் காண உயர்த்திப் பிடித்தார். பேச்சு ஒன்றும் இல்லை. மண்டபம் புரிந்துகொண்டது.

எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களைப் பண்பற்றவர் என்று தள்ள என்னால் இயலவில்லை. அன்று குரல் எழாதிருந்தால், நல்ல இசைக்காக ஒரு நாட்டின் விலங்கையும் மறந்துவிட்ட கூட்டம் என்ற பழி அச் சபைக்கு வந்திருக்கும். ஆனால் கச்சேரியையே நிறுத்தியிருந்தால், பிராக்கின் துயரத்தை இலண்டனில் அன்று அத்துணை ஆழமாகச் சொல்ல வேறு யார் இருந்தார்? கூச்சலும் இசையும் ஒரே பக்கத்தில் நின்ற விசித்திர மாலை அது.

ரொஸ்ட்ரொபோவிச்சின் பிற்கால வரலாறு பலரும் அறிந்ததே. சொல்ஷெனித்சினுக்கு ஆதரவாக 1970இல் பகிரங்கக் கடிதம் எழுதினார். பயணத் தடைகள் வந்தன. 1974இல் நாட்டை விட்டகன்றார். 1978இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1989இல் பேர்லின் சுவரருகே அமர்ந்து வாசித்தார்.

என் சிந்தனை அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர்களிடமே செல்கின்றது. அவருக்கு உயர்த்திப் பிடிக்க ஒரு நூலும், உலகம் அறிந்த ஒரு முகமும் இருந்தன. வயலின் வரிசையில் இருந்தவனுக்கும், அந்தக் கொம்பை அத்துணை இனிமையாய் ஊதியவனுக்கும் அவை இல்லை. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் அழுதார்களா என்று எவரும் எழுதிவைக்கவில்லை. பத்தாம் சிம்பொனி, ஸ்டாலின் மறைந்த 1953ஆம் ஆண்டின் இறுதியில் அரங்கேறியது. அதனையும் அவர்கள் அன்றிரவு வாசித்தனர். அந்தப் பதிவும் கிடைக்கின்றது, கேட்டுப் பாருங்கள்.