பயறு பொறுக்கிய பெண்கள் விஞ்ஞானிகளை மிஞ்சினார்கள்!

ஆப்பிரிக்காவின் நடுவே ருவாண்டா என்று ஒரு சின்னஞ்சிறு நாடு இருக்கிறது. எங்கு பார்த்தாலும் மலை. ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது கையகல நிலம்தான்.

நமக்குப் பருப்பு எப்படியோ, அப்படி அந்நாட்டு மக்களுக்கு பீன்ஸ் பயறு. ஏழை வீட்டில் அதுதான் அன்றாட உணவு. பயறு பொய்த்தால் பிள்ளைகள் பட்டினி!

விதையைப் பார்த்துப் பொறுக்கி வைப்பது அங்கே பெண்களின் வேலை. பல நிறப் பயறுகளைக் கலந்து விதைப்பார்கள். மழையிலோ நோயிலோ ஒன்று போனால், இன்னொன்று கை கொடுக்கும்.

கடைசியில்தான் கேட்டார்கள்

அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் புதுப்புது வகைகளைச் சோதித்து வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சிய சில வகைகளை மட்டும் குடியானவர்களிடம் காட்டினார்கள். அவர்களுக்கு வேண்டிய வகை அதற்குள் கழிந்து போயிருக்கலாம் அல்லவா?

1988-ம் ஆண்டு வழக்கம் மாறியது. கொலம்பியா நாட்டில் தலைமையிடம் உள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய மையமும் இதில் கைகோத்தது. லூயிஸ் ஸ்பெர்லிங் என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், பயறு வளர்ப்பதில் கைதேர்ந்த கிராமத்துப் பெண்களை நிலையத்துக்கே வரவழைத்தார்கள்.

பெண்கள் விளைச்சலை மட்டுமா பார்த்தார்கள்? வாழை மரத்தடி நிழலில் வளருமா, மெலிந்த மண்ணைத் தாங்குமா என்றும் பார்த்தார்கள். பிடித்த வகைகளைப் பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டு போய் விதைத்தார்கள்.

யாருக்கு வெற்றி?

மக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் மட்டும் போதுமா? பலன் உண்டா என்று தெரிய வேண்டாமா? அதற்கும் பரீட்சை வைத்தார்கள். பெண்கள் பொறுக்கிய வகைகளையும், அவர்களுடைய பழைய கலப்பு விதையையும் அவர்கள் நிலத்திலேயே விதைத்து ஒப்பிட்டார்கள். அதே வட்டாரத்தில் விஞ்ஞானிகள் பொறுக்கிய வகைகள் தந்த விளைச்சலோடும் ஒப்பிட்டார்கள்.

முடிவு 1993-ல் வெளியாயிற்று. பெண்கள் பொறுக்கியவை பழைய விதையைவிடச் சராசரியாக 38 சதவீதம் வரை கூடுதலாக விளைந்தன. விஞ்ஞானிகள் பொறுக்கியவற்றில் சொல்லும்படியான கூடுதல் இல்லை!

இன்னொரு அதிசயம். இரண்டே ஆண்டுகளில் குடியானவர்கள் ஏற்றுக்கொண்ட வகைகள் 21. முந்திய 25 ஆண்டுகளில் நிலையம் வெளியிட்டவை எத்தனையோ, அத்தனை! வகைகள் பெருகினால் பயிருக்கும் பாதுகாப்பு, குடும்பத்துக்கும் பாதுகாப்பு.

யாரைக் கூப்பிடுவது?

ஒன்றை மறக்கக் கூடாது. வாழைத்தோட்டம் உள்ளவளுக்கு ஏற்ற பயறு, வெறும் மேட்டு நிலம் உள்ளவளுக்கு ஏற்காது. வசதி உள்ளவர்களை மட்டும் அழைத்தால் அவர்களுக்கு வேண்டியதுதான் கிடைக்கும். ஆகவே, மக்களைக் கேட்டோம் என்று சொல்பவர்களிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். யாரைக் கேட்டீர்கள்? எப்போது கேட்டீர்கள்?

விஞ்ஞானிகள் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். புதிய வகைகளைத் திரட்டி வளர்த்தவர்கள் அவர்களே. ஆனால் எந்த விதை எந்த மண்ணில் நிற்கும் என்பது, அந்த மண்ணில் நிற்பவளுக்குத்தான் தெரியும்!