கடைசி 20 மில்லிகிராம்

மனச்சோர்வு மருந்தை நிறுத்துகிறவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் அந்த மருந்தின் காரணமாகவே உபாதைப்படுகிறார் என்று 2024-ல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மனநலச் சிகிச்சையின் விவகாரமாகவே அதைப் பேசி முடித்துவிட்டோம். விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரத்தில் அதே மருந்தை விழுங்குகிறவருக்கு மனச்சோர்வே இருக்க வேண்டியதில்லை. சர்க்கரையால் பாதம் எரியும். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ டாக்டர் டுலோக்சிடின் எழுதித் தருவார். வீட்டில் அதற்கு ‘நரம்பு மாத்திரை’ என்று பெயர். எரிச்சல் தணிந்ததும் நோயாளி நிறுத்திவிடுவார். மருந்தின் பாதி சுமார் 12 மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும் என்பதால், இரண்டு மூன்று நாளிலேயே தலை கிறுகிறுக்கும், குமட்டும், கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல் ஒரு வெட்டு வெட்டும். சர்க்கரை இறங்கிவிட்டதென்று வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கரைப்பார்கள்.

இந்த வகை மருந்துகளின் முன்னோடியான இமிப்ரமினை நிறுத்தியவர்களின் உபாதை 1959-லேயே மருத்துவ இதழில் பதிவானது. பிறகு நெடுங்காலம் ‘லேசானது’ என்று தள்ளிவைத்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்; ரசிக்க வேண்டியது கணக்கை.

மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதங்களை (மருந்து போய் அடைப்பது இவற்றைத்தான்) பஸ் சீட்டுகளாகவும் மருந்து மூலக்கூறுகளைப் பயணிகளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் முதலில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சீட் உண்டு. பிறகு ஏறுகிறவர்கள் கம்பியைப் பிடித்து நிற்பார்கள், படியில் தொங்குவார்கள். டிக்கெட் கூடும், உட்கார்ந்தவர் தொகை கூடாது. தொங்குகிறவர்கள் இறங்கினாலும் ஒரு சீட்டும் காலியாகாது. உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினால்தான் வினை: பாரத்துக்குப் பழகிய ஸ்பிரிங் பட்டைகள் எகிறி, அடுத்த பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும். பல மாதமாக மருந்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்ட மூளைதான் அந்தப் பட்டை. சிட்டலோபிராம் என்ற உறவுக்கார மருந்தில் இதை அளந்திருக்கிறார்கள். 60 மில்லிகிராமில் சுமார் 88% சீட் நிரம்பும், 20-லும் 80%. முதல் நாற்பதைக் குறைத்தால் போவது 8. கடைசி இருபதில் போவது 80. வரைந்தால் நேர்கோடு அல்ல, வளைகோடு.

அந்த லான்செட் ஆய்வில் வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் உபாதை சொன்னார்களே, எல்லாம் பயம்தானே என்று கேட்கலாம். அதே ஆய்வில் உண்மை மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம். நடுவிலுள்ள வித்தியாசம் பயமல்ல. கடுமையான உபாதை நூற்றில் மூவருக்குத்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படியானால் இது போதை அடிமைத்தனமா? இல்லை, இங்கே ஏக்கமும் இல்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் வெறியும் இல்லை. வளைகோட்டின்படி மெல்லக் குறைத்தால் உபாதையே வராது என்று சத்தியம் செய்கிறவர்களையும் நம்ப வேண்டாம். வளைகோடு உறுதியானது, அந்தச் சத்தியத்துக்குப் போதுமான சோதனைகள் இன்னும் நடக்கவில்லை.

நரம்பு வலிக்காரருக்கு இன்னொரு சிக்கல்: நிறுத்தியதும் பழைய எரிச்சலும் திரும்பலாம். சில நாளிலேயே வந்து, முன்பு இல்லாத கிறுகிறுப்பையும் கூட்டிவந்தால் மருந்து விலகுவதைச் சந்தேகிக்கலாம்; வாரக்கணக்கில் பாதத்தில் மட்டும் ஏறினால் பழைய நோய். குறைக்கலாம் என்றாலோ, கடையில் பொதுவாகக் கிடைக்கும் சின்ன டுலோக்சிடினே 20 மில்லிகிராம். அமிலம் தாக்காதபடி உள்ளே உருண்டைகளுக்குப் பூச்சு இருப்பதால் நசுக்கவும் கூடாது. நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் 75, நார்ட்ரிப்டிலின் 10 என இரண்டை ஒன்றாக அடைத்த மாத்திரையில் ஒன்றை மட்டும் குறைக்க வழியே இல்லை. பிரிகாபலினையும் திடீரென விடக் கூடாது. இணைப்பு மாத்திரை எழுதும் டாக்டர், நிறுத்தும் காலம் வந்தால் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தர வேண்டும். கம்பெனிகள் 20-க்குக் கீழும் அளவுகளைக் கொண்டுவர வேண்டும்.