போவாஸ் யாருக்குக் கட்டளையிட்டான்?



பிழைப்பைத் தேடித் தென்மாவட்டங்களிலிருந்து மும்பைக்கு வந்து, தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் குடியேறிய நம் குடும்பங்களில் இன்று தாயும் மகளும் வேலைக்குச் செல்கின்றனர். மகன் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினால், "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறோம். மகள் ஒன்பது மணிக்குத் திரும்பினாலே, "ஏன் இவ்வளவு நேரம்?" என்கிறோம். இரண்டும் அன்பினால் பிறந்த கேள்விகளே. ஆயினும் இரண்டாவது கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறதல்லவா?

மற்ற பட்டணங்களைவிட மும்பை பெண்களுக்குப் பாதுகாப்பானது என்பர். 1992இலேயே சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் இடையே பெண்களுக்கென்று தனி ரயில் ஓடத் தொடங்கிய ஊர் இது. ஆனால் இவ்வூர்ப் பெண்களைக் குறித்து ஆராய்ந்து, 2011இல் 'ஒய் லாய்ட்டர்?' என்னும் நூலை வெளியிட்ட மூன்று பெண்கள் வேறொன்றையும் கண்டனர். இங்கும் ஒரு பெண் வீதியில் நிற்பதற்குக் காரணம் காட்டவேண்டியிருக்கிறது. ஆண் தேநீர்க் கடையருகே வேலையின்றி ஒரு மணி நேரம் நிற்கலாம். அவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதன் விளைவு நம் வீட்டுக்குள்ளும் வருகிறது. ரயில் மேம்பாலத்தில் ஒருவன் இடித்துச் சென்றதையோ, பேருந்து நிறுத்தத்திலிருந்து பின்தொடர்ந்து வந்ததையோ மகள் சொல்வதில்லை. ஏன்? சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள், படிப்பை நிறுத்துவார்கள், அவசரமாகக் கலியாணம் பேசுவார்கள் என்று அஞ்சுகிறாள். தவறு செய்தவன் சுதந்தரமாய்த் திரிகிறான். தவறு செய்யாதவள் அடைபடுகிறாள். இது நீதியா?

வேதத்தில் ரூத்தைப் பாருங்கள். அவளும் அந்நிய தேசத்திலிருந்து வந்து, வயிற்றுப் பிழைப்புக்காகத் திறந்த வயல்வெளியில் கதிர் பொறுக்கியவளே. தன் வயலை விட்டுப் போகாமல் பணிப்பெண்களோடு இருக்கும்படி போவாஸ் அவளுக்கு ஆலோசனை சொன்னான், உண்மைதான். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. அவளைத் தீண்டலாகாது என்று தன் வாலிபருக்குக் கட்டளையிட்டான். தாகமெடுத்தால் அந்த வாலிபர் மொண்டுவைத்த தண்ணீரையே அவள் குடிக்கலாம் என்றான் (ரூத் 2:8,9). அவளுக்குக் கிடைத்தது ஆலோசனை; ஆண்களுக்குக் கிடைத்ததோ கட்டளை. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

நம் சபைகள் செய்யக்கூடியவை உண்டு. வாலிபர் கூட்டங்களில் சகோதரர்களுக்குத் தெளிவாய்ப் போதியுங்கள். விருப்பமில்லாத பெண்ணை விடாமல் பின்தொடர்வதைச் சினிமா காதல் என்கிறது. சட்டமோ 2013 முதல் அதைத் தனிக் குற்றமாகவே தண்டிக்கிறது. இப்போது அது பாரதிய நியாய சம்ஹிதையின் 78ஆம் பிரிவு. முழு இரவு ஜெபமோ மாலைக் கூட்டமோ முடியும்போது, எந்தச் சகோதரி எந்தத் திசையில் செல்கிறாள், யாருடன் செல்கிறாள் என்று விசாரியுங்கள். கடைசி ரயிலுக்கு அவள் ஓடவேண்டிய நிலை வராதபடி கூட்டத்தை முடியுங்கள். ஆபத்தில் 112, ரயிலில் 139 என்னும் எண்களை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்கட்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சம்பவம் தங்கள் எல்லைக்கு அப்பால் நடந்தது என்று சொல்லி அதை மறுக்க இடமில்லை.

பெற்றோரே, அன்று மாலை ரூத் வாற்கோதுமையைச் சுமந்துகொண்டு வீடு சேர்ந்தபோது, நகோமியும் அவளிடம் கேள்வி கேட்டாள். எங்கே வேலை செய்தாய் என்றே கேட்டாள். ரூத் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாளும் அவள் வயலுக்குப் போனாள். உங்கள் மகளும் அச்சமின்றி உங்களிடம் சொல்லத்தக்க வீடாக உங்கள் வீடு இருக்கிறதா? இன்றிரவு அவள் திரும்பி வரும்போது, முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மற்றதை அவளே சொல்லுவாள்.