படலை காத்த நண்பன்

வீட்டிலே ஒருவர் இறந்தாற் பறை முழங்கும், சுற்றம் கூடும், எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முறைப்படி நிகழும். துயரத்தைத் தனியொருவர் சுமக்கலாகாது என்று கருதி நம் முன்னோர் வகுத்துத் தந்த ஒழுங்குகள் அவை. ஆனாற் பன்னிரண்டு ஆண்டுகள் படலையடியிற் படுத்திருந்து வீட்டைக் காத்த நாயொன்று இறந்துவிட்டால், அதற்கென ஒரு சடங்கும் இல்லை. வளவின் மூலையில் ஒரு குழி வெட்டப்படும், மண்வெட்டி கழுவப்படும், அலுவல் முடிந்தது என்பார்கள். அன்றிரவு மிச்சச் சோற்றைக் கையிலெடுத்துக்கொண்டு, பழக்கத்தாற் பின்வாசல்வரை நடந்துபோய், அங்கே நின்றுவிடுகின்ற தாய்க்குத்தான் அலுவல் முடியவில்லை என்பது தெரியும்.

அவள் அழவும் நாணுகிறாள். ஒரு நாய்க்காகவா இத்தனை கண்ணீர் என்று எவரேனும் கேட்டுவிடக்கூடும் அல்லவா? வன்னி மண்ணிலே இந்த நாணம் மேலும் ஆழமானது. 2009 ஆம் ஆண்டிலே பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் அடுத்த வளவில் இருக்கிறாள். அவளுக்குக் கேட்கும்படி நாயொன்றின் சாவுக்கு அழுவது தகுமா? கேள்வி நியாயமானதே. விடையும் நியாயமானதாக இருத்தல் வேண்டும். அதனைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நம் மொழியிலே நாய் என்பது ஒரு வசைச்சொல். சினந்தவர் வாயில் முதலில் வருவது அதுவே. ஆயினும் அதே மொழியிற்றான் நாலடியார், யானையை ஒத்தவரின் நட்பை விலக்கி, நாயை ஒத்தவரின் நட்பைக் கொள்க என்று அறிவுறுத்துகின்றது. நெடுநாட் பழகிய பாகனையே யானை கொல்லும். நாயோ, எறிந்த வேல் தன் உடலிலே நிற்கவும் எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்பது அச்செய்யுள் காட்டும் காரணம்.

தமிழ்நாட்டுத் திருவண்ணாமலை மாவட்டத்திலே எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் காலத்ததாகிய, அதாவது ஏழாம் நூற்றாண்டினதாகிய நடுகல் ஒன்று அங்கே கண்டெடுக்கப்பட்டது. மந்தைக் காவலில் உயிர்துறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அக்கல்லில் வீரனுக்கு அருகிலே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. எத்தனையோ குறுநில மன்னரின் பெயர்கள் மண்ணோடு மண்ணாகிவிட, ஒரு மந்தைக்காரனின் நாய் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தன் பெயரோடு நிற்கின்றது. அதனைக் கல்லிற் பொறித்தவர்கள் நாணவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

ஈழத்துக் கிராமங்களிலே வைரவர் கோயில் இல்லாத ஊர் அரிது. வைரவருக்கு வாகனம் நாய். வாசலிலே படுத்திருக்கும் நாயைப் பார்த்து, வைரவர் படுத்திருக்கிறார் என்று பாதி விளையாட்டாகவும் பாதி பக்தியாகவும் சொல்லும் முதியோரும் உளர். ஆகவே நாய்க்கு இரங்குவது மேனாட்டாரிடமிருந்து நாம் கற்ற புதுப்பழக்கம் என்று கூறுவது பொருந்தாது. அது நம்மிடமே இருந்தது. பேசாமல் இருந்தது, அவ்வளவே.

இனிப் பளைக்கு வருவோம். ஆனையிறவுக்கு வடக்கே, கண்டி வீதியும் புகையிரதப் பாதையும் ஊடறுத்துச் செல்லும் பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தின் நடுவூர் அது. மணல் நிலம், தென்னைக்குப் பேர்போன இடம். பெரிய வளவுகள், கிடுகு வேலிகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே நீண்ட தூரம். இத்தகைய ஊரிலே நாய் என்பது அழகுக்காக வளர்க்கும் பிராணியன்று. இரவிலே தேங்காய் தானாக விழும் ஓசைக்கும், ஒருவன் காலடி வைக்கும் ஓசைக்கும் உள்ள வேற்றுமையை அறிந்திருப்பது அதுதான். கோழிக்கூட்டை மரநாயிடமிருந்து காப்பதும், பள்ளிவிட்டு வரும் பிள்ளையை ஒழுங்கைத் தலைப்பிலே எதிர்கொள்வதும் அதன் கடமைகள். கூலியோ ஒரு கவளம் சோறும், படலையடி நிழலுந்தான்.

இந்தப் பகுதியின் நாய்களும் அவற்றை வளர்த்தோரும் பிரிந்த விதத்தை, அண்மைக்கால வரலாறே எழுதிவைத்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவருட் பலர் பின்னர்ப் பச்சிலைப்பள்ளியின் கிளாலிக் கரையிலிருந்து படகேறி, கடனீரேரியைக் கடந்து வன்னி சேர்ந்தனர். மனிதருக்கே இடம் போதாத படகில் நாய்க்கு ஏது இடம்?

2000 மார்ச் 26 இற் போர் இத்தாவிலுக்கு வந்தது. கண்டி வீதி மறிக்கப்பட்டது. ஏப்ரல் 22 இல் ஆனையிறவுத் தளம் விடுதலைப் புலிகளின் வசமாயிற்று. அம்மாத இறுதியிற் பளையும் கைமாறியது. எறிகணை விழும் ஊரில் மக்கள் நிற்பதெங்ஙனம்? அவர்களும் பெயர்ந்தனர். 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் சிலரை மீளச் செய்தது. 2006 ஓகஸ்ட் 11 இல் முகமாலையிலே போர் மீண்டும் மூண்டது. 2009 ஜனவரித் தொடக்கத்திற் பளையும் ஆனையிறவும் அரச படைகளின் வசமாயின.

இத்தனை பெயர்வுகளிலும் ஒரு வகையான விடைபெறுதல் நிகழ்ந்தது. சிலர் சங்கிலியை அவிழ்த்துவிட்டனர். சிலர் ஒரு பானைச் சோற்றைப் பின்வாசலில் வைத்துவிட்டு, இரண்டு நாளில் வந்துவிடுவோம் என்று நாயிடமே சொல்லிப் புறப்பட்டனர். துவிச்சக்கர வண்டியின் பின்னே ஓடிவந்ததைக் கல்லெடுத்து விரட்டியவர்களும் உண்டு. அக்கல் வெறுப்பினால் எறியப்பட்டதன்று. நடுவழியில் இறப்பதிலும் பழகிய வளவிலே கிடப்பது மேல் என்று எண்ணிய அன்புதான் அன்று கல்லாகிற்று. நாய்க்கு அது விளங்கியிருக்குமா என்ற கேள்வியைத்தான் அவர்கள் இன்றுவரை சுமக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நாயின் ஆயுள் பொதுவாகப் பத்து முதற் பதின்மூன்று ஆண்டுகள். 2000 இல் முன்னரங்காகிப்போன முகமாலை மண்ணிலே, போர் முடிந்த பின்னரும் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. ஹலோ ட்ரஸ்ட் முதலிய நிறுவனங்கள் ஆண்டுக்கணக்காக அவற்றை அகற்ற வேண்டியிருந்தது. அவ்வளவுகளுக்கு உரியவர் திரும்பிக் காலடி வைக்குமுன் நாயின் ஆயுள் ஒன்று முழுவதுமாகக் கழிந்துவிட்டது. 2014 மார்ச்சிலே புகையிரதம்கூடப் பளை நிலையத்துக்கு மீண்டது. மக்கள் மீண்டனர்; தறிபட்ட தென்னைகளின் இடத்திற் கன்றுகள் நட்டனர். எதிர்கொள்ள ஓடிவர வேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை.

கிரேக்க மகாகவி ஹோமரின் ஒடிசியிலே ஒரு கட்டம் உண்டு. இருபதாண்டு கழித்து மாறுவேடத்திலே தன் மனைக்குத் திரும்பும் ஒடிசியசை மனிதர் எவரும் அறிந்திலர். எருக்குவியலிலே கிடந்த கிழநாய் ஆர்கோஸ் மட்டும் அறிந்து, வாலை அசைத்து, அக்கணமே உயிர் விடுகின்றது. தன்னை வெளிப்படுத்த இயலாத தலைவன் மறைவாகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். காவியத்திலே நாய் இருபதாண்டு காத்திருக்கலாம். முகமாலையின் நாய்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இத்துயர் நமக்கு மட்டும் உரியதன்று. 1939 செப்டெம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கிய முதல் வாரத்தில், குண்டுவீச்சை அஞ்சி, இலண்டன் மக்கள் தம் நாய்களையும் பூனைகளையும் மருத்துவரிடம் கொண்டுசென்று கொல்வித்தனர். அவ்வாறு மாண்டவை ஏறத்தாழ நான்கு இலட்சம் என்பர். அவர்கள் அஞ்சிய பெருங்குண்டுவீச்சோ ஓராண்டு கழித்தே வந்தது. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, மூன்று நாளுக்கென்று கூறிப் பிரிப்பியத் நகர மக்களைப் பேருந்துகளில் ஏற்றினர்; வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை. அம்மூன்று நாள் என்றும் முடியவில்லை. இரண்டு நாளில் வருவோம் என்று சொல்லிப் புறப்பட்ட நம்மவருக்கு அந்நகரத்தாரின் நெஞ்சு நன்கு விளங்கும்.

இவற்றிலிருந்து உலகம் ஒரு பாடத்தையும் கற்றது. 2005 இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைக் கத்ரீனாப் புயல் தாக்கியபோது, நாயை விட்டு வரமாட்டோம் என்று வெள்ளத்துக்குள்ளேயே தங்கிவிட்டவர் பலர். அதன் விளைவாக, பேரிடர்க்கால வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்று 2006 இல் அந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. நாயைக் காப்பது மனிதனைக் காப்பதன் ஒரு பகுதியே என்பதை அரசொன்று ஒப்புக்கொண்ட செயல் அது.

விடைபெறாப் பிரிவு ஏன் இத்துணை வலிக்கின்றது? அமெரிக்க அறிஞர் போலின் பொஸ், முடிவு தெரியாத இழப்பு என்ற ஒன்றைப் பற்றி ஆராய்ந்து 1999 இல் நூல் எழுதினார். இறந்தார் என்று தெரிந்தால் மனம் அழுது ஒருவாறு தேறும். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாவிடின் அது தேறவும் மாட்டாது, மறக்கவும் மாட்டாது என்பது அவர் கருத்தின் சாரம். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி நிற்கும் வன்னித் தாய்மாருக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களின் துயரத்தோடு நாயைப் பிரிந்த துயரத்தை ஒப்பிடுவது தகாது, யாம் ஒப்பிடவுமில்லை. ஆயினும் துயரம் என்பது பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுக்கும் அரிசியன்று. ஒன்றுக்கு அழுதால் மற்றொன்றுக்குக் குறைந்துவிடும் என்பதில்லை. சிற்றுயிருக்கு இரங்கத் தெரிந்த நெஞ்சே அயலாளின் பெருந்துயரையும் அறியும். பிள்ளையை இழந்த அயலாளே வேலிக்கு மேலாக எட்டி, உங்கள் நாயைக் காணவில்லையே என்று முதலிற் கேட்பாள். முற்கூறிய கேள்விக்கு விடை அதுவே.

அமைதியான காலத்திலே, விடைகொடுக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கின்றது. அவ்வாய்ப்பை வீணாக்கலாகாது. நாய் முதுமையுற்று, உணவை வெறுத்து, எழ முடியாமல், நோவினால் முனகும் நிலை வந்தால் மிருக வைத்தியரை நாடுக. தேறும் வழியில்லையென அவர் கூறின், மயக்கமருந்தை மிகையாக ஏற்றி உறக்கத்திலேயே உயிர் பிரியச் செய்யும் முறை உண்டு. அது கொலையன்று; நோவுக்கு இடும் முற்றுப்புள்ளி. அவ்வேளை வெளியே போய்விடாதீர்கள். பழகிய கை தலைமேலே இருப்பதை அது அறியும். அதன் கண்கள் மூடாமலே இருந்துவிடக்கூடும். அதுகண்டு அஞ்ச வேண்டாம்.

புதைக்கும்போது கிணற்றுக்கு எட்டவே இடம் தேர்க. பளையைப் போன்ற மணல் நிலத்திலே நன்னீர் ஆழத்தில் இல்லை. குழி மூன்றடிக்குக் குறையலாகாது. மருந்தேற்றிய உடலைப் பிற விலங்கு தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. மேலே ஒரு தென்னம்பிள்ளையை நடுக. பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல வேண்டாம். நாய் எங்கோ ஓடிவிட்டது என்று கூறினால், அவர்கள் பல நாள் படலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தங்களை விட்டுப் போய்விட்டதே என்றும் நொந்துகொள்வார்கள். இறந்துவிட்டது என்று சொல்லி, ஒரு பிடி மண்ணை அவர்கள் கையாலேயே இடச் செய்க.

நாயை நேசிப்பவருக்கு மற்றொரு கடனும் உண்டு. விசர்நாய்க்கடிக்குத் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது இடுவிக்க வேண்டும். வளர்க்க இயலாத குட்டிகளைச் சந்தையடியில் விட்டுவிடுவது, போரும் இல்லாமற் கல்லும் இல்லாமற் செய்யும் கைவிடல். அப்படிக் கைவிடப்பட்டவற்றுக்கென்றே பளைக்கு அண்மையிலுள்ள இயக்கச்சியிற் சிவபூமி அறக்கட்டளையினர் ஒரு காப்பகம் அமைத்தனர். படலையிலே விட்டுவந்த நாய்களை நினைத்து வாடும் ஒரு சமூகத்துக்கு இதனிலும் தக்க பிராயச்சித்தம் வேறில்லை.

பானைச் சோற்றை வைத்துவிட்டுப் போனவர்களே, கல்லெறிந்து விரட்டியவர்களே, அதற்காக இனியும் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். வளவிலே ஒரு தென்னம்பிள்ளை நடுங்கள்; அதன் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லுங்கள். புதைத்த இடம் தெரியாதவர்க்கும் அழுவதற்கு ஓர் இடம் வேண்டும் அன்றோ?