வயலின்களை எரித்த தம்பி

1793-ல் அயர்லாந்தில் ஓர் இளம் ராணுவ அதிகாரி, தான் உயிராக வாசித்துவந்த வயலின்களை நெருப்பில் போட்டார். கிட்டி பாக்கென்ஹாம் என்ற பெண்ணை அவர் கேட்டிருந்தார். பெண் வீட்டார் மறுத்துவிட்டார்கள். குலத்தில் குறையில்லை, மார்னிங்டன் பிரபுவின் மகன்தான். ஆனால் மூத்த மகன் இல்லை, கையில் காசும் இல்லை. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி அவர்.

அன்றைய பிரிட்டிஷ் பிரபு வீடுகளில் பாகப்பிரிவினை என்ற பேச்சே கிடையாது. துண்டு போட்டால் பண்ணையோடு குடும்பத்தின் செல்வாக்கும் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. பட்டம், மாளிகை, நிலம் எல்லாம் தலைமகனுக்கு. தம்பிகள் பிழைப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். ஆர்தர் வீட்டில் ரிச்சர்ட் பிரபுவானார், ஜெரால்ட் பாதிரியார், ஹென்றி தூதர், ஆர்தர் படைவீரர். படையிலும் பதவி விலைக்குத்தான். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் காலாட்படையின் கடைசிப்படி அதிகாரிப் பதவிக்கு அரசு வைத்த விலை 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னலுக்கு 4,500. ஆர்தர் 1793-ல் மேலே ஏறியது அண்ணன் கொடுத்த பணத்தில். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது கவர்னர் ஜெனரலும் அதே அண்ணன்தான்.

பின்னர் இந்த நிலை மாறியது. இந்திய சிவில் சர்வீஸுக்கு 1855-ல் போட்டித் தேர்வு வந்தது. 1871-ல் படைப் பதவி விற்பனை ஒழிந்தது. இன்று பிரபு வீட்டுத் தம்பியும் படித்து, நேர்காணலுக்குப் போய், சம்பளத்தில்தான் வாழ்கிறார். நல்ல மாற்றம். காசுக்கு வாங்கிய பதவியின் கீழ் எத்தனை ஏழைச் சிப்பாய்கள் மாண்டிருப்பார்கள்!

வீட்டுக்குள்தான் அதிகம் மாறவில்லை. 1925-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டம், உயில் இல்லாத நிலத்தில் மூத்தவனுக்கு இருந்த தனியுரிமையை நீக்கியது. பட்டத்தை அது தொடவில்லை. உயிலும் டிரஸ்டும் எழுதி மாளிகையைப் பெரும்பாலும் மூத்தவருக்கே விடுகிறார்கள். ஏர்ல் பட்டமுள்ள பிரபு ஒருவரின் இளைய மகனுக்கு 'ஹானரபிள்' என்ற அடைமொழி உண்டு. அதுவும் கடித உறையில் எழுதத்தான், யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்த இளைய மகனின் பிள்ளைகளுக்கு அதுகூடக் கிடையாது.

அரச வீட்டுத் தம்பியான இளவரசர் ஹாரி 2023-ல் வெளியிட்ட தன்வரலாற்றின் பெயர் 'ஸ்பேர்'. வண்டியில் ஸ்டெப்னி வைத்திருக்கிறோமே, அந்தப் பொருள். ஒரு குழந்தை தன்னைப் பற்றி அந்தச் சொல்லைக் கேட்டு வளர்வதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

பிரபு வீட்டுத் தம்பிக்கும் பின்னால் நிற்கிறாள் அவனுடைய அக்கா. அரியணைக்கு ஆண், பெண் பேதமில்லை என்று 2013-ல் சட்டம் வந்தது. பிரபு பட்டங்களுக்கு அது பொருந்தாது. முதலில் பிறந்தவள் அவளாகவே இருந்தாலும், பெரும்பாலான பட்டங்கள் இன்றும் அவளைத் தாண்டித் தம்பிக்குத்தான் போகின்றன.